இடப்பக்கம் இரண்டாவது பல்

போலீஸ்காரம்மா பிளாஸ்டிக் உறையோடு மேசையில் வைத்த பல்செட்டை அவள் கையில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மேல்வரிசை, இடப்பக்கம், நடுவிலிருந்து இரண்டாவது பல். பக்கத்துப் பற்களைவிட நூலளவு ஒல்லி, நிறத்தில் ஒரு படி மஞ்சள். குழல்விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாகப் பல் கட்டுகிறவளுக்கு, பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்ட அந்நிய ஆள்போல அது தனியாகத் தெரிந்தது.

"இது உங்க லேப்ல செஞ்சதான்னு சொல்ல முடியுமா?"

"இந்த மாதிரி ஆயிரம் வாயில இருக்கும் மேடம். எப்படிச் சொல்றது?"

அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. பல்செட்டின் பற்களை லேபில் யாரும் செதுக்குவதில்லை. கம்பெனியிலிருந்து அட்டையில் ஒட்டி வருகின்றன, முன்பற்கள் ஆறும் ஒரு மெழுகுப் பட்டையில் வரிசையாக. செருப்புக்கு அளவு எண் இருப்பதுபோல அட்டையின் பின்னால் வடிவத்துக்கு ஓர் எண், நிறத்துக்கு ஓர் எண். ஒருவருக்கே உரியது என்றால் அது அவர் ஈறின் அச்சு மட்டும்தான். பிளாஸ்டர் அச்சுகள் இடத்தை அடைக்கும் என்பதால் வருஷம் திரும்பினால் மூட்டை கட்டிக் குப்பைக்குப் போய்விடும். மிச்சமிருப்பது ஜாப் கார்டு. அதில் பெயர், தேதி, இரண்டு எண்கள், செய்தவர் கையெழுத்து. அந்த எண்களை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தே அனுப்பிவிடுவார்.

வேன்காரனைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் வயதான பெண்களிடம் "அந்தப் பக்கம்தாம்மா போறேன், ஏறிக்குங்க" என்பானாம். கண்ணாடி போட்டவன், சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டவன், பையை வாங்கி வைத்துக் கைபிடித்து ஏற்றிவிடுகிறவன். மோதிரத்துக்காகக் கொன்றான் என்றது ஒரு பேப்பர், மோதிரத்துக்காக இல்லை என்றது இன்னொன்று. கைவிடப்பட்ட கல்குவாரியில் இரண்டு உடல்கள் கிடைத்துவிட்டன. மூன்றாவதாகக் காணாமல்போன அம்மாவைப் பற்றி மட்டும், பிடிபட்டபிறகும், பார்த்ததே இல்லை என்று சாதித்தான். அவன் வீட்டில் ஸ்குரூவும் நட்டும் போட்ட தகர டப்பாவுக்குள் இந்தப் பல்செட் கிடைத்தது. வெந்நீரில் கொதிக்கவைத்து, பிளீச்சிங்கில் ஊறவைத்துக் கழுவியிருந்தான். ஒட்டி நிற்கும்படி ஒரு தடயமும் அதில் பாக்கியில்லை.

"எங்க அம்மாவோடது. ஞாபகத்துக்கு வெச்சிருக்கேன்," என்றானாம். அவன் அம்மாவும் பல்செட் போட்டிருந்தவள்தான். செத்துப்போய் ஏழு வருஷம்.

போலீஸ்காரம்மா போனபிறகு அவள் வேலையில் உட்கார்ந்தாள். மெழுகில் பல் நிற்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அந்தச் செட்டை மெழுகில் அடுக்கி, பல்லின் அடிப்பாகத்தை ஈறுக்கு ஏற்ப ராவிக்கொண்டிருந்தபோது அந்தப் பல் விண்டுவிட்டது. ஒரு பல்லைத் தனியாக வாங்க முடியாது, அட்டையோடுதான் வாங்க வேண்டும். கடையில் அந்த எண் இருப்பு இல்லை, மறுநாள்தான் வரும். டாக்டருக்கோ அன்று மாலையே வேண்டும். எல்லா லேபிலும் மிச்சப் பற்கள் போட்டுவைக்கிற பாட்டில் ஒன்று இருக்கும். அதைக் கவிழ்த்து, ஏறக்குறைய ஒத்துப்போவதாக ஒன்றைப் பொறுக்கி வைத்தாள். கார்டில் ஆறு பல்லுக்கும் ஒரே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவே வந்தார். நோயாளிகள் லேபுக்கு வருவதே கிடையாது. எப்படியோ விலாசம் பிடித்து, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"குறை சொல்றேன்னு நினைக்காதீங்கம்மா. இந்த ஒரு பல்லு மட்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

"எல்லாம் ஒரே செட்டுதாம்மா. புதுசுல அப்படித்தான் தோணும். பழகிடும்."

அந்த அம்மா நம்பினார். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அவர் காணாமல்போன செய்தி இரண்டு மாதம் கழித்து வந்தபோது, ஒரு பேப்பரில் ஒரு மூலையில் இருந்த படத்தை அவள் பார்த்திருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

போலீஸ் வந்துபோன ஐந்தாம் நாள் அந்த அம்மாவின் மகன் வந்தார். பார்சல் கம்பெனிச் சட்டை, அதன் தோளில் அட்டைப்பெட்டித் தூசி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இன்னொரு தடவை பாருங்க மேடம். ரெண்டு பேருக்குத்தான் கேஸ் நிக்கும்னு சொல்லிட்டாங்க. எங்க அம்மா காணாமப்போனவங்க லிஸ்ட்லயே இருப்பாங்களாம். எங்க தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? நானும் என் சம்சாரமும் அடிச்சுத் துரத்திட்டோமாம். அன்னைக்குக் காலையில சண்டை நடந்தது வாஸ்தவம்தான். இந்தப் பல்லை வெச்சுத்தான். 'எத்தனை தடவைம்மா டாக்டர்கிட்ட போவ, பழகிக்கோ'ன்னு கத்தினேன். 'நீ வரவேணாம்டா, நானே போய்க் காட்டிட்டு வரேன்'னு கிளம்பிப் போனாங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனதைப் பார்த்தவங்க இருக்காங்க."

அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி ஸ்பிரிட் விளக்கின்மேலேயே நின்றது. கைப்பிடி சுட்டபிறகுதான் கீழே போட்டாள்.

"நாளைக்கு அரசு வக்கீலைப் பார்க்கிறேன்," என்றாள். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவள் நடந்ததைச் சொன்னதுமே முதலாளி பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உனக்குக் கிறுக்கா? ஊர்ல எவன் பாட்டில் பல்லு வைக்காதவன்? உன் வாயால என் லேபுக்குப் பூட்டுப் போடப்போறியா?"

"லேபைப் பத்திப் பேசல சார். நான் வெச்ச பல்லைப் பத்தித்தான்."

"பல்லு என்ன உன் வீட்டுலயா முளைச்சுது? என் பாட்டில்ல இருந்ததுதானே?" என்றவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே கோபம் ஏறி, "போ. சொல்லு. அப்புறம் இங்க வந்து நிக்காத," என்றார்.

சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவளுக்கு முன்னால் இரண்டு பொருள்கள் இருந்தன. உறையில் பல்செட், பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்ட கார்டு. எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமானவர். குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"ஆறு பல்லும் ஒரே நம்பர்னு இதுல எழுதியிருக்கே. உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இது பொய்யா?"

"பொய்தாங்க."

"அந்தம்மா வந்து கேட்டப்போ?"

"ஒரே செட்டுன்னு சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்."

"அன்னைக்குப் பொய் எழுதின கை, பொய் சொன்ன வாய். இன்னைக்கு மட்டும் எப்படிம்மா நாங்க நம்புறது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் மகன் இருந்தார். அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள்.

"நம்ப வேணாங்க," என்றாள் நீதிபதியைப் பார்த்து. "ஒரு பேப்பர் குடுங்க. வரைஞ்சு காட்டுறேன்."

பேப்பர் வந்தது. வரைந்துகொண்டே சொன்னாள், லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வதுபோல, அவசரமில்லாமல். பல்லும் ஈறுத் தட்டும் ஏறக்குறைய ஒரே பொருள்தான், ரெண்டும் அக்ரிலிக். அச்சுக்குள்ளே ஈறுத் தட்டுக்கான அக்ரிலிக் மாவை அமுக்கி வேகவைக்கும்போது ரெண்டும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாட்டிலில் கிடக்கிற பல் பழையது, மெழுகும் பிசுக்கும் பட்டது, அதை நம்பமுடியாது. அதனால் அடிப்பக்கத்தில் டிரில்லால் சின்னதாக ஒரு பள்ளம் தோண்டினாள். மாவு அதற்குள் இறங்கி ஆணி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அவள் தோண்டியது கூட்டல் குறி வடிவில். அதில் ஒரு கை மட்டும் நீளம், ஏனென்றால் டிரில் சறுக்கியது. பல்லின் ஓரம்வரை போய்விட்டதால் வெளியே தெரியாமல் மெழுகால் அடைத்தாள். மெழுகு உருகிப் போனபின் அந்த இடத்தில் மாவு குண்டூசித் தலையளவுக்கு உருண்டு நிற்கும். இது அத்தனையும் தட்டுக்குள்ளே இருக்கிறது. செட் முடிந்தபிறகு தோண்டியவளைத் தவிர யாரும் பார்த்திருக்க முடியாது, எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. பல்லை அறுத்து எடுத்தால்தான் தெரியும்.

"மத்த அஞ்சு பல்லுல பள்ளம் இருக்காது," என்று முடித்தாள்.

கோர்ட்டில் பாதிப் பேர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் வேன்காரன் ஒருவன்தான். நல்ல மாணவனைப்போல லேசாக முன்னால் சாய்ந்திருந்தான். கூட்டல் குறி என்று சொன்ன இடத்தில் தலையைக்கூட ஆட்டினான். அவள் முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான்.

படத்தை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். பல்செட் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. இரண்டு தரப்பு ஆட்கள் முன்னாலும் அறுத்தார்கள். பதினேழு நாள் கழித்து இரண்டு உறைகளும் ஒரே மேசையில் பிரிக்கப்பட்டன. படமும் புகைப்படமும் பக்கத்துப் பக்கத்தில். கூட்டல் குறி. நீண்ட கை. குண்டூசித் தலை.

இடையில் முதலாளி இரண்டு டாக்டர்கள் வேலை தருவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லி, அவள் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்திருந்தார். வீட்டில் கணவர், "பல்லு இல்லாத ஊருக்கா போகப்போறோம்? வேற லேப் கிடைக்கும்," என்று மட்டும் சொன்னார். கிடைக்கவில்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி மூன்று பெயர்களையும் வாசித்தார். மூன்றாவது பெயருக்கு முன்னால் தண்ணீர் குடித்தார். மூன்று கொலைகளுக்கும் குற்றவாளி, சாகும்வரை சிறை. வேன்காரன் கும்பிட்டுவிட்டு, போலீஸ்காரரிடம் மணி என்ன என்று கேட்டான். மூன்றாவது உடலை எங்கே போட்டான் என்பதை அன்றும் சொல்லவில்லை.

நடைக்கூடத்தில் அவள் சுவரோரமாக நின்றாள். மகன் வருவார் என்று தெரியும். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று காலையிலிருந்து தன்னைத் தயார்செய்து வைத்திருந்தாள். திட்டினால் திட்டட்டும். கை நீட்டினாலும் நீட்டட்டும்.

அவர் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு, "எந்தப் பல்லு?" என்றார்.

அவள் வாயைத் திறந்து, தன் பல்லில் விரல் வைத்துக் காட்டினாள்.

அவர் போனை எடுத்தார். "பல்லு கட்டினதுக்கப்புறம் எடுத்த போட்டோ எல்லாம் இதுல இருக்கு." முதல் படத்தில் அந்த அம்மா பேத்தியை மடியில் வைத்துச் சிரிக்கிறார், இடது கை வாய்மேல் இருக்கிறது. அடுத்தது புது ஃபிரிட்ஜ் வந்த அன்று எடுத்தது. அதிலும் கை. பள்ளிக்கூட வாசலில், மாடிப்படியில், சாப்பாட்டு மேசையில், எல்லாவற்றிலும் இருமலை மறைப்பவர்போலக் கை. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"கூச்சம்னு நினைச்சோம். 'என்ன அத்தே, புதுப்பொண்ணா'ன்னு என் சம்சாரம் கிண்டல் பண்ணுவா. அதுக்கும் சிரிப்பாங்க. கையை எடுக்காமயே."

ஒரு படத்தில் நின்றார். அதில் விரல்கள் கொஞ்சம் விலகியிருந்தன. இடையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் போய், விரல் போய், திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாயிற்று.

"இதுவா?" என்று கேட்டு, போனை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கட்டம், பக்கத்தில் கொஞ்சம் மஞ்சளாக ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் மறுபடி வெள்ளை. பல்லா, நகத்தில் பட்ட வெளிச்சமா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டு, அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.