ஒன்பது இலக்கம்

"அஞ்சு, ரெண்டு... அப்பறம் இன்னாடி இது, ஆறா எட்டா?"

"கண்ணாடிய போட்டுக்கினு ஒவ்வொண்ணா படிம்மா."

ரெனிதா போனை ஸ்பீக்கரில் போட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவள் இருந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், அலுவலகத்தில். அம்மா லூர்தம்மாள் சேக்காட்டு வீட்டில் அப்பாவின் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். அதைத் தினமும் துடைப்பாளே தவிர, அம்மா இயக்கியதில்லை.

அரைமணி நேரத்துக்கு முன் அப்பா எட்மண்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். தம்பி ஜோஸ் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அடைப்பைக் கரைக்க ஊசி போடவேண்டும். ஆனால் போன வருஷம் தலையில் செய்த ஆபரேஷன் எதற்கு என்று தெரியாமல் போட முடியாது என்றார் டாக்டர். மருத்துவக் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிய அப்பா, அசலை எங்கோ பத்திரப்படுத்தியிருந்தார். எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். "நீ இங்க வராதக்கா. அந்தப் பேப்பர மட்டும் எடு" என்று ஜோஸ் கத்தியிருந்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே திறக்க உதவும் செயலியில், அம்மா படித்த ஒன்பது எண்களையும் ரெனிதா தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இணைக்க முடியவில்லை என்று வந்தது.

பக்கத்து சீட் விஜி எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ் நெட்ல இத பிளாக் பண்ணிருப்பாங்க. என் ஹாட்ஸ்பாட்ல போடு."

இந்த முறை பாஸ்வேர்டு கேட்டது.

"நம்பருக்குக் கீழ இருக்கிறதப் படிம்மா."

"கே, ஏழு, அப்பறம் ஒரு குச்சி."

"ஒண்ணா, சின்ன எல்லா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான்டி கீது!"

ஒன்று போட்டாள். தவறு. எல் போட்டாள்.

"இங்க ஒரு பொட்டி வந்துக்கீது, இங்கிலீஷ்ல."

"பச்சையா ஒரு பட்டன் இருக்கா? அம்பு மாதிரி இருக்கிறத அதும்மேல கொண்டுபோய் அமுக்கு."

அம்மா மவுஸை மேசையில் தேய்க்கும் சத்தம் கேட்டது. "ஓடிக்கினே கீதே..."

"மெதுவா, மெதுவா."

சட்டென்று வீட்டுத் திரை ரெனிதாவின் திரையில் விரிந்தது. கரண்ட் பில், சர்ச், ஜோஸ் சர்டிபிகேட், தலை என்று ஃபோல்டர்கள். 'தலை'யைத் திறந்தாள். பதினோரு பக்கம், எல்லாம் கொஞ்சம் கோணலாக. நான்காம் பக்கத்தில் மூளையில் ரத்தக்கசிவு என்று இருந்தது. அப்பாவின் வாட்ஸ்அப் அங்கேயே திறந்திருந்ததால் அதிலிருந்தே ஜோஸுக்கு அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

ஒரு நிமிஷம் ஆனது. ஜோஸ் கூப்பிட்டான். ஸ்பீக்கரை அணைத்து அம்மாவை ஹோல்டில் போட்டாள்.

"அனுப்பிட்டேன்டா, பாத்தியா? அந்த ஊசி போடக் கூடாதுன்னு சொல்லு, நாலாவது பக்கம்..."

"அக்கா."

அவன் பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஊசில்லாம் போடலக்கா. கொஞ்ச நேரம் நெஞ்ச அமுக்கிப் பாத்தாங்க. இப்பதான் முடியாதுன்னு விட்டுட்டாங்க." மூக்கை உறிஞ்சினான். "அம்மாட்ட நீ சொல்லுக்கா. என்னால முடியாது."

விஜி ரெனிதாவின் முகத்தைப் பார்த்து, அவளுடைய கைப்பையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

ரெனிதா அம்மாவின் அழைப்புக்குத் திரும்பினாள்.

"போச்சாடி? டாக்டர் பாத்துட்டாரா?"

"பேப்பர் போயிடுச்சும்மா."

"அப்பாடா. மாதா காப்பாத்துனா. காலைல ஒண்ணும் துன்னல அந்த மனுசன். கஞ்சி ஊத்திக்கினு கெளம்பறேன்."

"நீ ஊட்லயே இரும்மா. நான் வந்து இட்டுக்கினு போறேன்."

"அதுக்குள்ள ஆறிடும்டி."

ரெனிதா படியிறங்கினாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் அம்மா பிளாஸ்க்கின் மூடியைத் தேடிப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.