நாய் குளிப்பாட்டும் அறை

என் வீட்டுக்காரர் ஒரு உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினார். அதை மிதித்ததைவிட, எங்கே வைப்பது என்று பேசியதில்தான் அவருக்கு அதிகம் வியர்த்தது. கடைசியில் அவர் கண் பின்னறையில் விழுந்தது.

பின்னறை என்னுடையது. வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊரார் திட்டை வாங்குகிறேன். சனியும் ஞாயிறும் அந்த அறையில் நாய்களுக்கு முடி வெட்டி, நகம் நறுக்கி, குளிப்பாட்டி அனுப்புகிறேன். நாய்கள் திட்டுவதில்லை. கடிக்க வரும், அவ்வளவுதான்.

“உன் விளையாட்டைப் பாத்ரூமுக்கு மாத்திக்கோயேன்” என்றார்.

விளையாட்டு! எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வார்த்தையை அவர் குடும்பம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். நாத்தனார் போன் செய்தால் முதல் கேள்வியே, “அண்ணி, நாய் விளையாட்டு எப்படிப் போகுது?” என்பதுதான்.

வரிக் கணக்குக் கொடுக்கும் நேரம் வந்தது. எங்கள் இருவர் கணக்கையும் வருடாவருடம் அவர்தான் எழுதுவார்.

“நாய்க் காசையும் சேத்து எழுதுங்க” என்றேன்.

“அதெல்லாம் ஒரு வருமானமா? உன் சம்பளத்துலதான் மாசாமாசம் வரி புடிச்சுடறாங்களே. எதுக்கு வலியப் போய்க் கழுத்தை நீட்டற?”

“சம்பளத்துக்குப் புடிக்கறாங்க. இதுக்கு யாரு புடிக்கறா?”

“விளையாட்டுக்கெல்லாம் யாரும் வரி கட்டறதில்ல.”

அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். வரி கட்டிவிட்டால் அதை யாரும் விளையாட்டு என்று சொல்ல முடியாது. அந்த அறைக்குள் சைக்கிளும் நுழைய முடியாது. மறுநாளே அவரையும் இழுத்துக்கொண்டு ஆடிட்டரம்மாவிடம் போனேன். வரி கட்டியே தீருவேன் என்று அடம்பிடித்து அந்தப் படியேறிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

ஆடிட்டரம்மா என்னைக் கண்டதும் தும்மினார். என் கைப்பை முழுக்க நாய்முடி.

“சம்பளத்தோட இதையும் சேத்துத்தான் காட்டணும். சின்னதோ பெருசோ, வருமானம் வருமானம்தான்” என்றார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பிறகு ஆடிட்டரம்மா செலவுகளைக் கேட்டார். ஷாம்பு, துண்டு, கத்தரிக்குச் சாணை, கரண்ட் என்று ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க என் லாபம் இளைத்துக்கொண்டே போனது.

“அப்ப வரியே வராதா மேடம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அழுதுடாதீங்க. கொஞ்சம் வருது. அந்த ரூமைத் தொழிலுக்குன்னு காட்டணும். அங்க வேற ஏதாவது நடக்குதா?”

“ஒரு சைக்கிள்...” என்று ஆரம்பித்தார் இவர்.

“தொழில் மட்டும்தான்” என்றேன்.

“உதவிக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?”

“இல்லங்க.”

இவருக்குப் பொறுக்கவில்லை. “இல்லையா? அப்ப ஞாயித்துக்கிழமை மேனேஜர் காலைப் புடிச்சிட்டு நிக்கறது யாரு?”

ஆடிட்டரம்மா திருதிருவென்று விழித்தார். மேனேஜர் என்பது பல் டாக்டர் வீட்டு நாய் என்று அவசரமாக விளக்கினேன். நாள் முழுக்கத் தூங்கிவிட்டு எழுந்ததும் உறுமுவதால் நாங்கள் வைத்த பெயர். அதற்குள் இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தழும்பைக் காட்டினார்.

“பாருங்க மேடம், அது கீறினதுதான். ரெண்டு வருஷமா மாடா உழைக்கறேன். ஒரு பைசா தந்ததில்ல.”

“விளையாட்டுக்கு எதுக்குங்க சம்பளம்?” என்றேன்.

“என்ன விளையாட்டு? முதுகு ஒடியுது! அது வேலை!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். அழுகைதான் முட்டியது. ரெண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக் கிடந்திருக்கிறேன்.

ஆடிட்டரம்மா எதையும் கவனிக்காதவர் போல எழுதிக்கொண்டே சொன்னார். “இனிமே அவருக்குச் சம்பளம் குடுங்க, செலவுல காட்டலாம். ஆனா சார், அது ஆபீஸ் சம்பளத்துக்கு மேல உங்களுக்கு வர்ற வருமானம். உங்க கணக்குல நீங்க காட்டணும்.”

“இவ குடுக்கறதுக்கு நான் வரி கட்டணுமா?”

“சின்னதோ பெருசோ...” என்று தொடங்கியவர் முடிக்குமுன் தும்மிவிட்டார்.

சைக்கிள் இப்போது கூடத்தில் துணி காயப்போட உதவுகிறது. போன ஞாயிறு நான் மேனேஜருக்கு நகம் நறுக்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள். என் கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணி, நாய் விளையாட்டு எப்படிப் போகுது?”

நான் வாயைத் திறக்குமுன், நாயின் நான்கு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர் போனைப் பார்த்துக் கத்தினார்.

“யாருடி விளையாடறா? நாங்க வரி கட்டறவங்க. வேலை நேரத்துல போன் பண்ணாத!”