தேன் நிறத்தில் ஒரு முடி

திங்கட்கிழமை காலை ஹருயோ என் கதவைத் தட்டியபோது, வேலைத் தொப்பிக்குள் போடும் தலைவலை அவள் கையில் இருந்தது. அதில் கட்டைவிரல் நுழையுமளவு கிழிசல்.

"அக்கா, ரெண்டு நாளா சோறு எறங்கல."

அறுபத்தொரு வயதில் அவளைத் தலைக்குச் சாயம் பூச ஏவியவள் நான்தான். கடையில் நிறம் தேர்ந்ததும் நானே. தேன் நிறம். தொழிற்சாலையில் அவள் கட்டும் இழைகளும் அதே நிறம் என்று அப்போது யாருக்குத் தோன்றியது?

முடி கனத்தில் இருக்கும் பாலிமர் குழல்கள் அவை. கலப்பு வாயுவைச் செலுத்தினால் ஹைட்ரஜன் மட்டும் சுவர் வழியே நழுவிவிடும், எங்கள் குடியிருப்பில் ரகசியம் நழுவுவதுபோல. மற்றவை தங்கிவிடும். ஆயிரக்கணக்கான குழல்களைக் கற்றையாக்கி, முனையைப் பிசினில் இறுக்குவது ஹருயோவின் வேலை. பிசினுக்குள் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், அதையொட்டி எல்லா வாயுவும் கசியும்.

"வெள்ளிக்கிழமை இறுக்கினேன். வீட்ல தொப்பியக் கழட்டுறப்பதான் கிழிசலப் பாத்தேன்."

"முடி விழுந்துச்சா?"

"தெரியலையே. நெறமும் ஒண்ணு."

"அப்போ வாய மூடிட்டு இரு."

"பின்னால கசிஞ்சா கற்றை நம்பர வச்சு என்னைத்தான் பிடிப்பாங்க. இப்பவே சொன்னா, கற்றைய வெட்டிப் போட்டுட்டு, கெழவிக்குக் கவனமில்லன்னு சூப்பர்வைசர் நகமோதோ சார் எழுதிருவாரு. இந்த வாரந்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம் முடிவாகுது." என்னை முறைத்தாள். "பத்து வயசு கொறையும்னு சொன்னது யாரு?"

சூப்பைக் கிளறப் போய்விட்டேன். அது ஏற்கெனவே இறக்கிவைத்தது.

அதே தொழிற்சாலை உணவகத்தில் பரிமாறுகிறவள் நான். பத்து மணிக்குச் சோதனை அறைப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அதன் கண்ணாடிச் சுவரைத் துடைக்கப் போனேன்.

ஹருயோ வெள்ளிக்கிழமை இறுக்கிய கற்றையின் முனையைத் தண்ணீரில் முக்கி அழுத்தம் ஏற்றினார்கள். கட்டியவரே விரல் நீட்டி, "கசிவில்லை, சரி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் மேற்பார்வையாளர் முத்திரை குத்துவார். நகமோதோ முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டு காத்திருந்தார். பிசின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று ஒட்டியிருந்தது. முக்கும்போது சிக்கிய காற்றாகவும் இருக்கலாம். என் மூக்கு கண்ணாடியில் பட்டது.

ஹருயோ விரலை நீட்டினாள். வாய் திறந்தது. குமிழி மேலேறவுமில்லை, உடையவுமில்லை. நகமோதோவின் முத்திரையிலிருந்து சிவப்பு மை ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.