இரண்டாம் குரல்

மோந்தேமோரேலோஸ் ஆரஞ்சுக் கொட்டகையின் சுவரில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியபோது நான் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'தெர்ராசாஸ் சகோதரர்கள்'. மூன்று தொப்பி, மூன்று மீசை. என் தம்பிகள்.

"தோமித்திலா, உன் தம்பி ராசாக்கள் திருவிழாவுக்குப் பாட வர்றாங்களாமே! நீயும் ஒரு தொப்பிய மாட்டிக்கிட்டு அவங்க பஸ்ல ஏறிடுவியா?" என்றாள் பக்கத்தில் நின்ற சாயோ.

"வாயை மூடிட்டு அழுகலைத் தள்ளுடி."

முன்பு கல்யாண வீடுகளில் நாலு பேரும் பாடுவோம்; தம்பி பெர்மீன் முதல் குரல். அதற்கு அடியில் நான், இரண்டாம் குரல். நசாரியோ அக்கார்டியன், கடைக்குட்டி எலியசார் கிதார். மொந்தெர்ரே நகரத்திலிருந்து வந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் நாலு பேரும் பாடியதைக் கேட்டார். ரசித்துத்தான் கேட்டார். பிறகு, சகோதரர்கள் என்று பேர் போட்டால் நடுவில் பாவாடை எதற்கு என்றார். பஸ் மூன்று பேரோடு கிளம்பிற்று.

கொஞ்ச நாளில் கொட்டகை ரேடியோவில் பாட்டு வந்தது. அடியில் கேட்ட குரலும் பெர்மீனுடையதே. இரண்டு தடவை பாடிப் பதிந்து, தன் குரலுக்கு அடியில் தன் குரலையே அடுக்கியிருந்தான். நாட்டின் வடக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது அந்தப் பாட்டுதான்.

எனக்கு ஒரு பாட்டு போதும். மேடையில் அவன் பக்கத்தில் நின்று, ஒரே ஒரு பாட்டு.

திருவிழா அன்று மதியம் பெர்மீன் சாப்பிட வந்தான். சுட்ட குட்டியாட்டுக் கறியை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"கம்பெனிக்காரரும் கூட வந்திருக்காருக்கா. ஜனங்க ரெக்கார்டுல கேட்டதைத்தான் எதிர்பாக்குறாங்க."

"ரெக்கார்டுல அடியில பாடறது யாருடா?"

ரொட்டியைப் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை.

"நீதான். நீ மூச்சு விடற எடத்துல விட்டேன், இழுக்கற எடத்துல இழுத்தேன். எனக்கு வேற இரண்டாம் குரல் தெரியாதுக்கா."

"அப்ப இன்னிக்கு?"

"நசாரியோ."

"அவனா! கழுதைக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்குமேடா!"

சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவன் 'வா' என்று சொல்வான் என அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு, என் உச்சந்தலையில் முத்தமிட்டுப் போனான்.

சாயங்காலம், அவர்கள் பாட ஜனங்கள் ஜோடியாக ஆடும் மைதானத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இந்த ஆரஞ்சு அறுவடைக்குக் கூலி வேலைக்காக வெராகுரூஸிலிருந்து வந்திருந்த எபிபானியோ ஆட அழைத்தார். ஊருக்குப் புதியவர், என்னைப் பற்றி எதுவும் தெரியாது. ஜோடிகளோடு ஜோடியாகப் புழுதியில் சுற்றினோம். அந்தப் பாட்டு வந்தது. பல்லவியில் நசாரியோவின் சுருதி சரிந்தது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எபிபானியோவின் தோளுக்குள், மெல்ல, என் குரலைப் பெர்மீன் குரலுக்கு அடியில் வைத்தேன்.

"அட, அம்மணி! ரெக்கார்டுல வர்ற மாதிரியே பாடுறீங்களே! எத்தனை தடவை கேட்டீங்க?"

"நெறைய," என்றேன்.

மேடையில் பெர்மீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அடுத்த அடிகள் அவன் தனியாகப் பாட வேண்டியவை. பல்லவி திரும்பி வருவதற்காக, தாளத்துக்குக் கால் வைத்தபடி காத்திருந்தேன்.