பதினோராம் நம்பரில் ஒன்பது பேர்

எங்கள் நகரமன்றத்தில் என் அண்ணனுக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அது அவர் காதுக்கு எட்டி, அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. பழமைவாதக் கட்சி உறுப்பினர், போக்குவரத்துக் குழுத் தலைவர். பூங்காவுக்கு இரண்டு தோட்டக்காரர் எதற்கு என்று ஒருவரை வெட்டினார். நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று ஒரு நாளையே வெட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால், பேருந்துகளில் திடீரென்று ஏறி டிக்கெட் பார்க்கும் பரிசோதகர் வேலையையும் வெட்டினார். எல்லாரும் யோக்கியமாகத்தானே இருக்கிறார்கள், பிறகு அந்தச் சம்பளம் எதற்கு என்பது அவர் வாதம். இந்தக் கடைசி வெட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் இதே கதைதான். வெளியே கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரே ஒரு பெரிய நோட்டுதான் இருக்கும். சில்லறை வைத்திருந்தால் செலவாகிவிடுமாம், பெரிய நோட்டை உடைக்க மனசு வராதாம். கல்யாணத்தன்று வைத்திருந்த அதே நோட்டுதான் இன்னும் இருக்கிறது என்பது அண்ணியின் சந்தேகம்.

அதற்காகக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டு வெல்டருக்கு வேலை போனபோது, அவர் மகளின் பள்ளிக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டியவர் என் அண்ணன்தான். அதே வெல்டருக்கு நகரமன்றம் உதவித்தொகை தரலாமா என்று வந்தபோது, எழுந்து நின்று கூடாது என்றவரும் அவர்தான்.

"என் காசை எடுத்து நான் குடுத்தா அது இரக்கம். ஊரார் காசை எடுத்து நான் குடுத்தா அதுக்குப் பேரு என்ன?" என்பார்.

"வாங்குறவங்களுக்கு ரெண்டும் காசுதானே அண்ணே" என்பேன் நான்.

"நீ ஸ்டியரிங்கப் பாரு தங்கச்சி, நான் பட்ஜெட்டப் பாக்குறேன்."

ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அண்ணி தட்டு வைப்பதற்குள் சண்டை தொடங்கிவிடும். உப்பு, காரம் மாதிரி எங்களுக்கு அதுவும் வேண்டும்.

நான் ஓட்டுவது பதினோராம் நம்பர் பேருந்து. சந்தையில் கிளம்பி, ஆலைக் குடியிருப்பு வழியாக மேட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வரை போகும். ஓட்டுவதும் நான்தான், டிக்கெட் கொடுப்பதும் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆலையை இழுத்து மூடினார்கள். அதற்கு அடுத்த வாரம், ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் ஏறி, பையைத் துழாவிக்கொண்டே நின்றார். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டியவர். வீட்டில் சம்பாதித்த மகனும் ஆலையோடு வேலையிழந்திருந்தான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"உக்காருங்க ஐயா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. அடுத்த மாதம் அவரோடு இன்னும் நான்கு பேர், அதற்கடுத்து ஏழு பேர், பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். வேலை தேடி அலையும் ஆலைக்காரர்கள், கால் சரியாக ஊன்றாத குழந்தையைச் சிகிச்சைக்குத் தூக்கிப்போகும் ஒரு தாய், சம்பளம் இழுபறியாக வரும் வார்டு துப்புரவுப் பெண்கள். எல்லாருமே என் அப்புறம்காரர்கள். அவர்கள் ஏறினால் டிக்கெட் மெஷினின் பொத்தானை அழுத்தமாட்டேன். பரிசோதகரும் கிடையாதே! அந்த வகையில் அண்ணனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அண்ணன் சாப்பாட்டுக்கு நடுவில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"பதினொன்ன நிறுத்தப் போறேன். வர்ற வியாழக்கிழமை ஓட்டெடுப்பு" என்றார்.

"ஏன்?" என்றேன்.

"ஒரு நடைக்கு ஒன்பது பேரு. ஒன்பதே பேரு. மெஷின் சொல்லுது. முப்பத்தஞ்சு பேர் உக்கார்ற வண்டி அது. உன்ன வேற ரூட்டுல போட்டுடுவாங்க, கவலப்படாத."

இரக்கப்பட்டு இரக்கப்பட்டு, அந்த மனிதர்களை ஏட்டிலிருந்தே நான் அழித்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மெஷினைப் பொறுத்தவரை தையல்காரர் என்று ஒருவர் இந்த ஊரில் பேருந்து ஏறியதே இல்லை.

"இன்னொன்னும் இருக்கு" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "ஒன்பது பேர ஏத்துற வண்டி இவ்வளவு டீசல் குடிக்காது. பிரேக் இவ்வளவு சீக்கிரம் தேயாது. பில்லு எல்லாத்தையும் பாத்துட்டேன். யாரோ டீசல் திருடுறாங்க."

அந்த வண்டியை ஓட்டுவது நான் ஒருத்திதான். அண்ணி கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏங்க, உங்க தங்கச்சியவா சொல்றீங்க?"

"நான் யாரையும் சொல்லல. கணக்கு சொல்லுது."

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் பேருந்து போகும், நான் திருடியும் ஆவேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

புதன்கிழமை காலை ஏழு பத்து நடை. சந்தை நிறுத்தத்தில் முதல் ஆளாக ஒருவர் ஏறினார். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. தேர்தல் சுவரொட்டியில் ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தை ஒரு தொப்பி மறைத்துவிடும் என்று நினைத்த அந்த அப்பாவி என் அண்ணன்தான். அண்ணியிடம் வாங்கிவந்த சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, உறுப்பினருக்கான இலவசப் பாஸைத் தொடாமல், முன் இருக்கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் துப்புரவுப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். கதவைத் திறந்தேன். முதல் பெண் படியில் கால் வைத்தாள், முன் இருக்கையைப் பார்த்தாள், காலை எடுத்துவிட்டாள்.

"நீங்க போங்கக்கா, நாங்க அடுத்த வண்டில வர்றோம்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அடுத்த வண்டி என்றால் நானே திரும்பி வரும் அடுத்த நடைதான், முக்கால் மணி நேரம் கழித்து. அதில் வந்தால் அவர்களுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு. அதற்கடுத்து வந்த ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதேதான். ஓரிடத்தில் நான்கு ஆலைக்காரர்கள் திடீரென்று சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தை உற்றுப் படிக்க ஆரம்பித்தார்கள். குழந்தையோடு நின்ற தாய் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. என் வேலை போய்விடக்கூடாது என்று ஒவ்வொருவரும் தானாகவே ஒதுங்கினார்கள். டிக்கெட் வாங்கும் ஆட்கள் மட்டும் ஏறினார்கள்.

அண்ணன் தன்னையும் சேர்த்து எண்ணினார். "ஒன்பது" என்று எழுதிக்கொண்டார். மெஷின் பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஆலைக் குடியிருப்பின் கடைசி நிறுத்தம். தையல்காரர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதன்கிழமைதானே, அவருடைய நாள். முகமும் பாதமும் வீங்கியிருந்தன. அவரும் அண்ணனைப் பார்த்துவிட்டார்.

"நீ போம்மா. காத்து நல்லா இருக்கு, நான் நடந்தே போறேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

ஆஸ்பத்திரி மேடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். கதவை மூடினேன். வண்டி பத்தடி நகர்ந்திருக்கும். கண்ணாடியில், அவர் மெதுவாக ஒரு காலைத் தூக்கி வைத்து, நின்று, அடுத்த காலைத் தூக்கி வைப்பது தெரிந்தது.

வேலையாவது மண்ணாவது! பிரேக்கை மிதித்தேன். அண்ணனின் தொப்பி முன்னால் போய் விழுந்தது. இறங்கி ஓடி, தையல்காரர் கையைப் பிடித்து இழுத்து வந்து ஏற்றினேன்.

"எழுதிக்கோங்க அண்ணே" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "இவர் ரெண்டு வருஷமா இந்த வண்டில வர்றார். ஒரு நாளும் டிக்கெட் போட்டதில்ல. நான்தான் போடல. இவர் ஒருத்தர் இல்ல, இன்னும் இருக்காங்க. இருங்க, காட்டுறேன்."

ரவுண்டானாவில் வண்டியைத் திருப்பினேன். வழித்தடத்தை விட்டு வண்டியைத் திருப்புவது விதிமீறல். தலைவர் கண்ணெதிரே செய்வது அதைவிடப் பெரிய மீறல். டிக்கெட் வாங்கிய எட்டுப் பேரில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தமாக நிறுத்தி, கதவைத் திறந்து கத்தினேன். "ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க! தெரிஞ்சுபோச்சு!" சோப்பு விளம்பரத்தைப் படித்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஏறினார்கள். குழந்தை ஏறியதும் கை தட்டியது.

திரும்பவும் மேடு ஏறும்போது அண்ணன் நோட்டைப் பார்த்தேன். ஒன்பது அடிக்கப்பட்டு முப்பத்தெட்டு என்று இருந்தது. அவர் தன் முன் இருக்கையைத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். வண்டி முக்கி முனகி ஏறியது.

"டீசல் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்றேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அண்ணன் தையல்காரரிடம் குனிந்தார். "ஐயா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா காரை அனுப்பியிருப்பேனே."

"அனுப்புவீங்க தம்பி, நல்ல மனசு உங்களுக்கு" என்றார் அவர். "திங்கக்கிழமை அனுப்புவீங்க. புதன்கிழமையும் அனுப்புவீங்க. வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒரு மீட்டிங் வந்துடும். பஸ்ஸுக்கு மீட்டிங் கிடையாது."

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கத்திரியாயிற்றே! ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"நீ பண்ணதும் தப்புதான். ஒளிச்சுக் குடுத்தே. ஒளிச்சுக் குடுத்ததால இவங்க கணக்குல இல்ல. கணக்குல இல்லாதத எவன் வேணும்னாலும் வெட்டலாம். நானே வெட்டப் பாத்தேன்."

இந்த ஜன்மத்தில் முதல்முறையாக அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகிவிடும்.

மறுநாள் நகரமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் அண்ணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தன் தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்று, வேறொன்றை வாசித்தார். அந்த மாதம் முழுச் சம்பளம் வராதவர்களும் சிகிச்சைக்குப் போகிறவர்களும் வாயால் சொன்னால் போதும். கட்டணம் பூஜ்யம் என்று அச்சிட்ட டிக்கெட் ஒன்று கொடுக்க வேண்டும். அதையும் மெஷின் எண்ண வேண்டும்.

அவர் கட்சிக்காரர்களே சிரித்தார்கள். "கத்திரி மழுங்கிடுச்சா?" என்றார் ஒருவர்.

"மழுங்கல" என்றார் அண்ணன். "வண்டி எப்படியும் ஓடுது, காலி சீட்டும் டீசல் குடிக்குது. உண்மையா பொய்யான்னு சோதிக்க ஆள் வெச்சா, டிக்கெட்ட விட அவன் சம்பளம் அதிகம். இரக்கம் காட்ட வேணாம்னு நான் என்னைக்குமே சொன்னதில்ல. எண்ணிக் காட்டுங்கங்கிறேன்."

இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அண்ணி எழுந்து நின்று கை தட்டினாள். அவர் பெண் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சமாம், அவளே சொன்னாள்.

சாயங்காலம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. டிக்கெட் கொடுக்காமல் பயணிகளை ஏற்றியதற்கும் வண்டியைத் திருப்பியதற்கும் ஒரு வாரம் பணியிடை நீக்கம், சம்பளம் கிடையாது. கீழே அண்ணனின் கையெழுத்து, அழகாக. படித்துவிட்டுச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

வீட்டில் எத்தனை நாள் உட்கார முடியும்? அடுத்த புதன்கிழமை சும்மா என் வண்டியிலேயே பயணியாக ஏறினேன். எனக்குப் பதிலாக வந்திருந்த டிரைவர் கறாரான ஆள். "இந்த மாசம் முழுச் சம்பளம் இல்லல்ல?" என்று கேட்டு, பூஜ்யம் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். கை நீட்டி வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு வருடம் இந்தக் கூச்சத்தோடுதான் அவர்கள் என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

தையல்காரர் ஏறினார். தன் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, சட்டைப்பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு, என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் அண்ணன், நோட்டுப் புத்தகத்தோடு. இப்போது தொப்பி இல்லை, உறுப்பினர் பாஸையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். டிரைவரிடம் அந்தப் புகழ்பெற்ற பெரிய நோட்டை நீட்டினார்.

"சில்லறை குடுங்க சார். பெரிய நோட்டு வாங்கக்கூடாதுன்னு உங்க குழுதான் உத்தரவு போட்டிருக்கு. நேரம் வீணாகுதாம்" என்றார் டிரைவர்.

அண்ணன் நான்கு பைகளையும் தடவினார். என்னைப் பார்த்தார். நான் என் பூஜ்யம் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் இறங்கத் திரும்பினார்.

தையல்காரர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த காசைப் பொறுக்கி எடுத்து டிரைவர் கையில் வைத்தார். அண்ணனுக்கு முழு டிக்கெட் வந்தது. சொந்தத் தங்கைக்கே தண்டனை எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த மனிதர், அதைக் கையில் வாங்கி, அச்சிட்டிருந்த கட்டணத்தை இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன் ஐயா" என்றார்.

"உக்காருங்க தம்பி" என்றார் தையல்காரர். "அப்புறம் பாத்துக்கலாம்."