ராயக்கோட்டை தாண்டிக் கிடைத்த எழுத்து

"யாருக்கும்மா எலும்பு ஒடஞ்சிருக்குது?"

ராயக்கோட்டையில் தக்காளிக் கூடையோடு ரயில் ஏறிய கண்ணம்மாள்தான் கேட்டாள். எதிர் இருக்கையில் ஷகிலா ஒரு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் எலும்பு இல்லை. நான்கு வரிசைகளில் ஏணிப்படி போல் கறுப்புக் கோடுகள் மட்டும் இருந்தன.

"எலும்பு இல்லீங்கக்கா. ஒரு கிருமியோட எழுத்து."

அது 1987. ஷகிலா பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. பாலக்கோட்டுப் பக்கம் ஆவி பறக்க மட்கிக் கிடந்த கரும்புச்சக்கைக் குவியலிலிருந்து அவளே அள்ளிவந்த பாக்டீரியா அது. சக்கையைக் கரைக்கும் அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்க இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள்தான் மாறி மாறி வரும்; படத்தில் எழுத்துக்கு ஒரு வரிசை. மொத்தம் ஆயிரத்து இருநூறு எழுத்துகள். ஆனால் நானூறாவது எழுத்துக்குப் பக்கத்தில் 'இத்தோடு நிறுத்து' என்று ஒரு குறி வந்து நின்றது. பாதியில் நிற்கிற மரபணு எப்படிச் சக்கையைக் கரைக்கும்? எங்கோ தவறு. அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போதும் அந்தப் படத்தையும், எழுத்துகளை எழுதிவைத்த நோட்டையும் விட மனமில்லாமல் எடுத்து வந்திருந்தாள்.

"அது கரைச்சா என்ன ஆவும்?" என்றாள் கண்ணம்மாள்.

"சக்கை சர்க்கரையாவும். சர்க்கரையப் புளிக்கவெச்சா சாராயம். அதுல பஸ்ஸே ஓட்டலாங்க."

"பஸ்ஸு குடிச்சிட்டு ஓடுமா!" கண்ணம்மாள் சிரித்த சிரிப்பில் இரண்டு தக்காளி கூடையிலிருந்து உருண்டன.

பக்கத்தில் இருந்தவர் அர்ச்சுனன், தருமபுரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துபவர். நோட்டை எட்டிப் பார்த்தார். "அர்த்தமில்லாத எழுத்தச் சரிபாக்குறதுதாம்மா எம் பொழப்பு. நீங்க படிங்க, நான் நோட்டுல பாக்குறேன்."

கீழிருந்து மேலாக அவள் படித்தாள். "ஏ, ஜி, டி, டி, சி..." அவர் "சரி, சரி" என்று பென்சிலால் தட்டிக்கொண்டே வந்தார். மாரண்டஹள்ளி வருவதற்குள் பெட்டியில் பாதிப்பேர் சுற்றி நின்றார்கள். நோட்டில் ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் தவறு எங்கே? ஷகிலா படத்தை மறுபடி கண்ணாடியில் வைத்தாள்.

கண்ணம்மாள் படத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள். "ஏம்மா, இந்தக் கோடு மட்டும் எதுக்கு இவ்வளவு தடி?"

"எது?"

"இதா. ஒண்ணு இல்ல. ரெண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது."

ஷகிலா பார்த்தாள். படத்தைச் சாய்த்துப் பார்த்தாள். தடித்த கோட்டின் நடுவே மயிரிழை போல ஒரு வெளுப்பு! அந்த வரிசை 'சி'. அப்படியானால் ஒரு சி விட்டுப்போயிருக்கிறது.

நோட்டில் ஒரு சி-யைச் செருகினாள். மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் படிக்க வேண்டும்; ஒன்று விட்டுப்போனால் பின்னால் எல்லாமே தள்ளிப்போகும். அங்கிருந்து எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டே போனாள். நிறுத்தக்குறி காணாமல் போனது. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரம். எங்கும் தடங்கலே இல்லை. கடைசியில், எங்கே நிற்கவேண்டுமோ அங்கே, நின்றது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினாள். எது நின்றது என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் பெட்டியே கைதட்டியது. அவள் கண்ணம்மாளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். "வுடும்மா, தக்காளி நசுங்குது!" என்று சொல்லிக்கொண்டே கண்ணம்மாளும் சுற்றினாள்.

தருமபுரியில் இறங்கியதும் ஓட்டமாகத் தபால் நிலையத்துக்குப் போய், பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டாள். அர்ச்சுனனும் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார். பேராசிரியர் சவுரியப்பன் லைனில் வந்தார்.

"சார், ஒரு சி சார்! ஒட்டிக்கிட்டு இருந்துச்சு சார்!"

"பொறு. அதே மரபணுவோட எதிர் இழையையும் படம் எடுத்தோமே, அது இப்பத்தான் காஞ்சிருக்கு. பாக்குறேன்."

இரண்டு நிமிடம் கொரகொரப்பு மட்டுமே கேட்டது. பிறகு அவர் குரல் கீச்சென்று வந்தது. "ஷகிலா! இங்க ரெண்டும் தனித்தனியா இருக்கு! யாரு கண்டுபுடிச்சது?"

"கண்ணம்மாங்கறவங்க சார். தக்காளி விக்கிறாங்க."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. இவளும் சிரித்தாள். என்னவென்றே தெரியாமல் தபால் நிலையத்துக்காரரும் சிரித்தார்.

வீட்டு வாசலில் அம்மா அக்தர் பேகம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கையில் படம், மறு கையில் நோட்டு.

"கல்யாணத் துணியெல்லாம் இருந்த பெட்டி எங்கடி?"

ஷகிலா ஒரு கணம் யோசித்தாள். "ரயில்லயே சேலத்துக்குப் போயிட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.