எட்டரை மணிக்கு ஒன்பதே முக்கால்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சித்தூர் தலைமை ஆபீசில் உட்கார்ந்த அகிலாவைத் திருப்பதி கிளையின் சர்வர் உள்ளே விடவே மாட்டேன் என்றது. புதுக் கிளை ஒன்பதுக்குத் திறக்கிறது. அதற்குள் இங்கிருந்தே சர்வருக்குள் போய் பில் போடும் புரோகிராமை ஓட விட வேண்டும். செய்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஜெயச்சந்திரன் சொல்லியிருந்தார். செய்யாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

இரண்டு கம்ப்யூட்டர்களின் நேரமும் ஒத்துப்போகவில்லை, இணைக்க முடியாது என்றது திரை. தன் கம்ப்யூட்டர் நேரத்தைப் பார்த்தாள், சரி. பாஸ்வேர்டும் சரி. சனிக்கிழமை தன் கையாலேயே பொருத்திவிட்டு வந்த சர்வர். பூட்டின அறைக்குள் நேரம் எப்படி மாறும்? தன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மறுபடி அதே பாட்டு. தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையோ என்று தோன்றியது.

அறைச் சாவி அப்பா வேதாச்சலத்திடம் இருந்தது. நகரியில் தறி நின்ற பிறகு அவரை அந்தக் கிளையில் அட்டெண்டராகச் சேர்த்துவிட்டதே அவள்தான். போன் போட்டாள்.

"நைனா, சர்வர் ஸ்கிரீன்ல கீழ மூலையில மணி இன்னா காட்டுது?"

"ஒம்பதே முக்கா."

"இப்ப எட்டரதான நைனா?"

"நாந்தாம்மா மாத்தனேன். ஏழரலர்ந்து ஒம்பது வரிக்கும் ராகுகாலம். நீ மொதமொதல்ல தனியா பண்ற வேல. சனிக்கெழம ஸ்கிரீன தொறந்தபடியே வுட்டுட்டு போய்ட்ட. அதான் ஒம்பது தாண்டி வெச்சிட்டு சூடம் காட்டிக்கினு இருந்தேன்."

அகிலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மூலையில் இருக்கிற மணியை நகர்த்தி ராகுவையே ஏமாற்றப் பார்த்த மனிதரிடம் என்னவென்று கத்துவது? ஒவ்வொன்றாகச் சொல்லி நேரத்தைத் திருப்ப வைத்தாள். "ராகுகாலம் இன்னும் முடியலியேம்மா" என்று புலம்பிக்கொண்டேதான் செய்தார். எட்டு ஐம்பதுக்கு சர்வர் திறந்தது. புரோகிராம் ஓட ஆரம்பித்தபோது ஒன்பதே கால்.

தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வரில் வேறு ஆள் கைவைத்தால் அந்த ஆள் அன்றைக்கே வேலை போய் வீட்டுக்கு என்பது ஆபீஸ் சட்டம். நேரத்தைத் தப்பாக வைத்தது நான்தான் என்று அகிலா எழுதினாள். ஜெயச்சந்திரன் படித்துவிட்டு, நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்.

மத்தியானம் அப்பாவே கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம். "பில்லு ஜோரா ஓடுதும்மா. நான் நேரம் பாத்து வெச்சதாலதான்."

"ஆமா நைனா," என்றாள் அகிலா. "நீ துன்னியா?"